எக்னாத்தியா தெருவின் வயது

அன்புள்ள ஐயா,

கிரேக்க நாட்டின் தெசலோனிகி துறைமுகம் பற்றிய உங்கள் கட்டுரையில், நகரின் நடுவே ஓடும் எக்னாத்தியா தெருதான் ரோமானியர் போட்ட எக்னாத்தியா பெருவழி என்றும், கிறிஸ்தவ அப்போஸ்தலர் பவுல் அதில்தான் நடந்து வந்தார் என்றும் எழுதியிருந்தீர்கள். அந்தப் பெருவழி நகருக்குள் வரவே இல்லை என்று வேறோரிடத்தில் படித்தேன். எது சரி? அப்படியானால் தெரு பெயரளவில்தான் பழையதா?

கே., கோவை

அன்புள்ள கே.,

நீங்கள் படித்ததுதான் சரி. தவறு என்னுடையது. பெருவழி நகர மதிலுக்கு வெளியே ஒதுங்கிப் போனது என்பதே இன்று பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் அதைப் போட்ட அதிகாரி கினேயஸ் எக்னாத்தியஸின் பெயர் பொறித்த மைல்கல் ஒன்று, நகருக்கு மேற்கே கல்லிகோஸ் ஆற்றருகே கிடைத்திருக்கிறது. அட்ரியாட்டிக் கடற்கரையிலிருந்து 260 ரோம மைல் என்று கணக்கு. பவுல் அம்பிபோலி, அப்பொலோனியா ஆகிய ஊர்கள் வழியாகத்தான் வந்தார். ஊருக்குள் எந்தத் தெருவில் நடந்தார் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆனால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில், இல்லை என்பதுதான். பெயர்தான் பின்னால் வந்தது, தெரு நிஜமாகவே பழையது. ரோமானிய நகரின் கிழக்கு மேற்குப் பிரதான வீதி அது. மெட்ரோவுக்காகத் தோண்டியபோது, இன்றைய தெருவுக்குச் சில மீட்டர் கீழே சலவைக்கல் பாவிய வீதி கிடைத்தது. கற்களில் வண்டிச் சக்கரங்கள் தேய்த்த தடம். சில கற்களில் பிள்ளைகள் விளையாடக் கீறிய கட்டங்கள். சரி, பேரரசர்களின் கல்வெட்டை எங்கும் பார்க்கலாம். தெருவில் குந்தி விளையாடிய பிள்ளைகளின் கீறல் எத்தனை ஊர்களில் மிஞ்சியிருக்கிறது?

மேலே நடந்தால் நூற்றாண்டுகள் வரிசையாக வரும். கிழக்கே, பாரசீக வெற்றிக்காகக் கி.பி. 300 வாக்கில் எழுப்பிய, ரோமப் பேரரசர் கலேரியஸின் வளைவு. ஊர்க்காரர்கள் ‘கமாரா’ என்பார்கள். யாரையாவது சந்திப்பதென்றால் அங்கேதான் நிற்கச் சொல்வார்கள். மேற்கே போகப் போக, 1028இல் கட்டிய பனாயியா கல்கியோன் தேவாலயம், அதன் அருகிலேயே 1444இல் எழுந்த பே ஹமாம். அந்தக் குளியல்கூடத்தில் 1968 வரை ஜனங்கள் குளித்திருக்கிறார்கள்.

1917 ஆகஸ்டில் பெருந்தீ. சுமார் 9,500 வீடுகள் போயின, 70,000 பேருக்கு மேல் தெருவுக்கு வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர், 1492இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டு இங்கே குடியேறிய யூதர்களின் வழியினர். 1943இல் நாஜிகள் அந்தச் சமூகத்தையே ரயிலேற்றி ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு அனுப்பினார்கள். தீக்குப் பிறகு பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் எர்னஸ்ட் எப்ரார் கீழ்நகரத்தைப் புதிதாக வரைந்தார். பழைய சந்துகள் மறைந்தன. இந்தத் தெருவின் கோடு மட்டும் மாறவில்லை.

அப்புறம் ஒன்று. வெனிசேலு மெட்ரோ நிலையத்துக்காகத் தோண்டியபோது கிடைத்த பைசாந்திய (இடைக்காலக் கிழக்கு ரோமப் பேரரசுக் கால) நாற்சந்தியைப் பெயர்த்தெடுத்து, நிலையம் கட்டியபின் திரும்ப வைத்தார்கள். 2024 நவம்பரில் மெட்ரோ திறந்தது. கல் அசையாமல் இருந்த இடத்திலேயே நிலையத்தைக் கட்டியிருக்க வேண்டும் என்றே நான் இன்றும் நினைக்கிறேன். இருந்தாலும் போனால் இறங்கிப் பாருங்கள்.

கட்டுரையில் அந்த வரியை மாற்றிவிட்டேன். நன்றி.