ஜாஸ் கேட்டதே இல்லை, ஆனால் சாக்ஸபோன் பிடிக்கும். எந்த ஆல்பத்தில் ஆரம்பிக்கலாம்?

சாக்ஸபோன் கலைஞர் கேனன்பால் ஆடர்லியின் 'மெர்சி, மெர்சி, மெர்சி! லைவ் அட் தி கிளப்'. பலரும் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வைத்தான் சொல்வார்கள். அதிலும் இதே ஆடர்லி ஆல்டோ சாக்ஸ் வாசித்திருக்கிறார். அருமையான ஆல்பம்தான், ஆனால் புதிதாகக் கேட்பவருக்குப் பாதியில் தூக்கம் வரலாம். இதில் அந்தப் பயமே இல்லை.

இது சோல் ஜாஸ். அதாவது ஜாஸோடு ப்ளூஸையும், அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டான காஸ்பலையும் தாராளமாகக் கலந்தது. கால் தானாகத் தாளம் போட ஆரம்பித்துவிடும்.

பெயரைப் பார்த்து சிகாகோ கிளப் ஒன்றில் பதிவானது என்று நினைக்க வேண்டாம். 1966 அக்டோபரில், ஹாலிவுட்டில் கேபிடல் ஸ்டூடியோவுக்குள் ஆட்களை அழைத்து, குடிக்கவும் ஏற்பாடு செய்து பதிவு செய்தார்கள். சிகாகோவில் அந்த கிளப்பை நடத்தியவர் ஆடர்லியின் நண்பர். அவருக்கு ஓர் இலவச விளம்பரம், அவ்வளவுதான்! ஆனால் கேட்கிற கைதட்டலும் கூச்சலும் அங்கே இருந்தவர்களுடையதே.

தலைப்புப் பாடலுக்கு முன்னால் ஆடர்லி கொஞ்சம் பேசுவார். ஃபுளோரிடாவில் பள்ளி இசை ஆசிரியராக இருந்தவர், அந்தப் பேச்சே சுகமாக இருக்கும். கஷ்டம் வரும்போது என்ன செய்வதென்று நமக்குத் தெரிவதில்லை என்று ஆரம்பித்து, அப்படியே பாட்டுக்குள் கொண்டுபோய் விடுவார். ஜோ ஜாவினுலின் மின் பியானோ நிதானமாகத் தொடங்கும். ஆடர்லியின் சாக்ஸும் தம்பி நாட் ஆடர்லியின் கார்னெட்டும் (ட்ரம்பெட் மாதிரியான ஊதுகருவி) சேர்ந்து மெட்டை மேலே ஏற்றுகிற இடத்தில் கூட்டமும் சேர்ந்து கத்தும். எனக்கு இந்த ஆல்பமே அந்த இடம்தான்.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் பாட்டில் குழுத் தலைவரான ஆடர்லிக்கு சோலோ, அதாவது தனியாக வாசிக்கும் பகுதி, கிடையாது. மெட்டை வாசித்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார். தேவாலய வாசம் வீசும் இந்த மெட்டை எழுதிய ஜாவினுலோ வியன்னாக்காரர். இந்தப் பாட்டு சிங்கிளாக, அதாவது தனி இசைத்தட்டாக வந்து, அமெரிக்காவின் பில்போர்டு பாப் பட்டியலில் 11ஆம் இடம் வரை போனது. ஆல்பத்துக்கு கிராமியும் கிடைத்தது.

சரி, சாக்ஸ் எங்கே என்கிறீர்களா? முதல் பாடல் 'ஃபன்' கேளுங்கள், மனிதர் பறப்பார். கடைசியில் வரும் 'சாக் ஓ வோ' அவரே எழுதிய ப்ளூஸ், அதையும் விட்டுவிடாதீர்கள். பிடித்திருந்தால் அப்புறம் இன்னொரு ஆல்டோ சாக்ஸ்காரரான லூ டொனால்ட்சனின் 'அலிகேட்டர் போகலூ' (1967) பக்கம் போகலாம். அதில் ஆர்கனும் சேர்ந்துகொள்ளும், கிட்டாருக்கு ஜார்ஜ் பென்சன்.