சுரங்கம் மூடிய பிறகு ஓடைகளை மீட்பது: கேள்வி பதில்

கேள்வி: கழிவு மண்மேட்டைப் படிக்கட்டுபோல் வெட்டிப் புல் விதைத்தோம். ஒரே மழைக்காலத்தில் மேலிருந்து கீழ்வரை அரித்துவிட்டது. ஏன்?

பதில்: புல்லைக் குறை சொல்ல வேண்டாம், மேட்டின் வடிவம்தான் காரணம். கொட்டிய மண் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அமுங்காது. ஒரு படி எங்காவது கொஞ்சம் தாழ்ந்தால் போதும். அந்தப் படியில் விழுந்த மழையெல்லாம் அங்கே சேர்ந்து, உடைத்துக்கொண்டு இறங்கும். அந்த வேகத்தைக் கீழ்ப்படி தாங்காது. இயற்கையான ஓடையைக் கவனியுங்கள். கீழே போகப் போகத் தண்ணீர் கூடும், சரிவு குறையும். மேட்டையும் அப்படியே திருத்தி, ஊடே சிறு ஓடைப் பள்ளங்களை அமையுங்கள்.

கேள்வி: பழைய வரைபடத்தில் இருந்தபடியே ஓடையை வெட்டலாமா ஐயா?

பதில்: பெரும்பாலும் சரிவராது. உடைத்த பாறை முன்பைவிட அதிக இடத்தை அடைக்கும்; நிலத்தின் உயரமே மாறியிருக்கும். பக்கத்தில், அதே மண்ணில், சுரங்கம் தொடாத ஓடை இருந்தால் அதன் அகலம், ஆழம், வளைவுகளை அளந்து வாருங்கள். ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம் கரை தொட்டு ஓடும் அளவு நடு ஓடைக்குப் போதும். அதைவிடப் பெரிய வெள்ளம் பரவ இருபுறமும் தாழ்வான நிலம் விடுங்கள். அகலமான நேர் கால்வாய் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. கோடையில் தண்ணீர் அதில் மெல்லிய படலமாகப் பரவிச் சூடாகும், வண்டலும் படியும்.

கேள்வி: புது ஓடையில் விட்ட தண்ணீர் பாதியிலேயே காணாமல் போகிறது.

பதில்: தளர்ந்த மண்ணுக்குள் இறங்குகிறது. அடியில் களிமண்ணை இறுக்கி, மேலே சரளை போடுங்கள்.

கேள்வி: மேட்டடியில் ஆரஞ்சு நிறத் தண்ணீர் கசிகிறது. சுண்ணாம்புக்கல் போட்டோம், கொஞ்ச நாள் வேலை செய்தது, அப்புறம் இல்லை.

பதில்: கல்லைச் சுரண்டிப் பாருங்கள், துருப்படலம் மூடியிருக்கும். பாறையிலுள்ள பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) காற்றும் நீரும் பட்டு அமிலமாகிறது, இரும்பும் கரைந்து வருகிறது. அந்த இரும்பு காற்றில் துருவாகிக் கல்லில் படிகிறது. முதலில் நீரைச் சோதியுங்கள். ஆக்சிஜன் மிகக் குறைவு, இரும்பு இன்னும் துருவாகவில்லை, அலுமினியமும் இல்லை என்றால், சுண்ணாம்புக்கல்லைக் காற்றுப் புகாமல் புதைத்த வடிகால் உதவும். ஆனாலும் நல்ல தண்ணீர் அந்தப் பாறைப் பக்கமே போகாமல் திருப்புவதுதான் பெரிய வேலை.

கேள்வி: மேட்டுக்கு அடியில் சின்ன ஊற்று இருக்கிறது. மண் போட்டு மூடிவிடலாமா?

பதில்: கூடவே கூடாது. வேல்ஸில் ஆபர்ஃபான் என்ற ஊரில் ஊற்றின் மேல் கொட்டிய நிலக்கரிக் கழிவு மேடு 1966 அக்டோபர் 21 அன்று சரிந்தது. 144 பேர் இறந்தார்கள். அவர்களில் 116 பேர் குழந்தைகள். ஊற்று நீர் வெளியேற வடிகால் அமையுங்கள். அதற்கு முன் மண் பொறியாளர் ஒருவரை அழைத்து, மேட்டுக்குள் நீர் எந்த உயரத்தில் நிற்கிறது என்று துளையிட்டு அளக்கச் சொல்லுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.