தேநீர்ப் பையால் மண்ணை அளக்கலாமா?

கேள்வி: மூடாக்குப் போட்ட பாத்தியிலும் போடாத பாத்தியிலும் மண்ணுயிர்களின் வேலை எப்படி வேறுபடுகிறது என்று தேநீர்ப் பைகளைப் புதைத்தே அறியலாமாமே, எப்படி?
– வாசகர், தேனி

பதில்: அறியலாம். 2013-இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் வெளியிட்ட முறை இது. கிரீன் டீ சீக்கிரம் மட்கும். தென்னாப்பிரிக்கச் செடி ஒன்றிலிருந்து வரும் ரூய்போஸ் தேநீர் மெதுவாக மட்கும். இரண்டையும் சேர்த்துப் புதைத்து ஒரே ஒருமுறை எடுத்தால் போதும், மட்கும் வேகமும் (k) மட்காமல் மண்ணில் தங்கும் அளவும் (S) கிடைத்துவிடும்.

பைகளை 70 டிகிரியில் 48 மணி நேரம் உலர்த்தி, 0.01 கிராம் காட்டும் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். அதே பெட்டியில் சில பைகளைப் பிரித்து, நூலும் அட்டையும் சேர்த்த வெறும் பையின் சராசரி எடையைக் கழியுங்கள். அட்டையில் அழியாத மையால் எண் எழுதி, 8 செ.மீ. ஆழத்தில், 15 செ.மீ. இடைவெளியில் தனித்தனிக் குழிகளில் புதையுங்கள். அட்டை வெளியே தெரியட்டும். 90 நாள் கழித்து எடுத்து, ஒட்டிய மண்ணையும் வேரையும் நீக்கி, மறுபடி அதேபோல் உலர்த்தித் தூளை மட்டும் நிறுங்கள். முதல் தடவை உலர்த்தாமல் விட்டால், தூளிலிருந்த ஈரமும் மட்கிய கணக்கில் ஏறிவிடும்.

கிரீன் டீ 1.80 கிராம் 0.72 ஆனால், இழந்த பங்கு 0.60. கிரீன் டீயில் மட்கக்கூடிய பங்கு 0.842, ரூய்போஸில் 0.552 என்று அந்த முறையே தருகிறது. S = 1 − 0.60/0.842 = 0.287. ரூய்போஸில் உண்மையில் மட்கும் பங்கு 0.552 × (1 − 0.287) = 0.393, மட்காத பங்கு 1 − 0.393 = 0.607. ரூய்போஸ் 2.00 கிராம் 1.50 ஆனால், மிஞ்சிய பங்கு 0.75. k = ln[0.393 ÷ (0.75 − 0.607)] ÷ 90, அதாவது நாளுக்கு சுமார் 0.011 (ln என்பது இயல் மடக்கை).

கேள்வி: எனக்குக் கணக்கே வரவில்லை, மடக்கைக்குள் எதிர்மறை எண் வருகிறது. ஏன்?
– வாசகி, கொழும்பு

பதில்: ரூய்போஸ் அளவுக்கு மீறி மட்கிவிட்டது. சூடும் ஈரமும் உள்ள மண்ணில் 90 நாள் அதிகமாகிவிடும். சில பைகளைக் கூடுதலாகப் புதைத்து 30, 60 நாட்களில் எடுத்துப் பாருங்கள். கறையான் கடித்த பைகளை ஒதுக்கிவிடுங்கள். கிழிசல் வழியே கொட்டிய தூளும் மட்கியதாகவே கணக்காகும்.

கேள்வி: k அதிகமாக இருந்தால் நல்ல மண்தானே?
– வாசகர், ஈரோடு

பதில்: அப்படிச் சொல்லவே முடியாது. நீர் பாய்ச்சிய மறுவாரமே வேகம் கூடும். பக்கத்துப் பக்கத்துப் பாத்திகளில், ஒரே நாளில், ஒரே வகைப் பையைப் புதைத்து ஒப்பிட்டால்தான் எண்ணுக்கு மதிப்பு. நெய்த நைலான் பையும் நெய்யாத பையும் கலக்கவே கூடாது.