கல்விக்கடன், உதவித்தொகை: கேளுங்கள், சொல்கிறேன்

இருபது வருஷத்துக்கு மேல் வங்கிக் கிளையில் கல்விக்கடன் மேசையைப் பார்த்தவன். தமிழ்நாட்டில் படிக்கிற பிள்ளைகளின் கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். வெளிநாட்டுப் படிப்பு எனக்குப் பழக்கமில்லை.

கேள்வி: பையனுக்குக் கவுன்சலிங்கில் இன்ஜினியரிங் சீட் கிடைத்தது. 3.8 லட்சம் கேட்டோம். மேனேஜர், "வீட்டுப் பத்திரம் இருக்கா? நீங்க எங்க ஏரியாவும் இல்லையே" என்று அனுப்பிவிட்டார். வேறு வழி உண்டா சார்?

பதில்: இரண்டு காரணமுமே செல்லாதம்மா. 4 லட்சம் வரை பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. பெற்றோர் இணைக்கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டால் போதும். எங்கள் எல்லைக்குள் வீடு இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது என்றும் 2012-லேயே சொல்லியாயிற்று.

முக்கியமான விஷயம், உங்கள் விண்ணப்பத்தை இன்னும் யாரும் நிராகரிக்கவே இல்லை. வாயால் சொன்னது கணக்கில் வராது. நான் வேலை பார்த்த ஒரு கிளையில், மேசை இழுப்பறைக்குள் எண் போடாத விண்ணப்பங்கள் ஒரு கட்டு கிடக்கும். ஓரத்தில் பென்சிலால் 'பிறகு வரச் சொன்னேன்' என்று எழுதியிருக்கும். பதிவேட்டில் ஏறாத காகிதத்தைப் பற்றி எந்த மேலதிகாரியும் கேட்க மாட்டார். ஜூலையில் கொடுத்துவிட்டு செப்டம்பரில் வந்து நின்ற அப்பாக்களுக்கு அந்தக் கட்டிலிருந்து தேடி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அதற்குள் கல்லூரியில் ஃபீஸ் கெடு முடிந்திருக்கும்.

அதனால் கல்விக்கடனுக்கான மத்திய அரசின் வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பியுங்கள். வருகிற எண்ணை அச்செடுத்துக் கிளையில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். மேனேஜர் தன்னிச்சையாக நிராகரிக்க முடியாது. அவருக்கு மேலே உள்ளவர் சம்மதிக்க வேண்டும், காரணத்தையும் எழுத்தில் தர வேண்டும். தராவிட்டால் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஒம்பட்ஸ்மேனிடம், அதாவது வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் குறைதீர்ப்பாளரிடம் போங்கள். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.

கேள்வி: மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தேன். முதல் பட்டதாரி சலுகை உண்டா?

பதில்: கிடையாது தம்பி. கவுன்சலிங்கில் வந்த சீட்டுக்கு மட்டும்தான்.

கேள்வி: ஸ்காலர்ஷிப் 'அனுப்பியாச்சு' என்று காட்டுகிறது. பாஸ்புக்கில் காணோம்.

பதில்: கடைசியாக எந்தக் கணக்கில் ஆதாரை இணைத்தீர்களோ அங்கே போயிருக்கும். பள்ளிக்கூடத்தில் திறந்து மறந்துபோன கணக்கைப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் பேங்கிலும் முடியாது என்று சொல்லிவிட்டார்கள்...

பதில்: எழுத்தில் வாங்கினீர்களா? முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: கடன் கிடைக்கட்டும் சார், எதற்குத் திருப்பிக் கட்ட வேண்டும்? விவசாயக் கடனைத் தள்ளுபடி செய்தார்களே, இதுவும் ஆகும்.

பதில்: இதை நம்பிக் கெட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் விரிவாகவே சொல்கிறேன். 2016-லும் 2021-லும் தமிழ்நாடு அரசு தள்ளுபடி செய்தது கூட்டுறவுச் சங்கங்களின் பயிர்க்கடனை. அந்தச் சங்கங்கள் மாநில அரசின் கட்டுப்பாட்டில் உள்ளவை. உங்கள் கல்விக்கடன் பெரும்பாலும் தேசிய வங்கியில் இருக்கிறது. அந்தப் பணத்தை யாராவது வங்கிக்குக் கட்டினால்தான் கணக்கு தீரும்.

வருஷத்துக்கு 1 லட்சம் வீதம் நாலு வருஷம் வாங்குகிறீர்கள், வட்டி 10 சதவீதம் என்று வையுங்கள். படிப்பும் அதன்பின் ஒரு வருஷ அவகாசமும் முடியும்போது, தனிவட்டியே 1.4 லட்சம் சேர்ந்து 5.4 லட்சமாக நிற்கும். முதல் வருஷ வட்டி மாதம் 833 ரூபாய்தான். முடிந்தவர்கள் அதைப் படிக்கும்போதே கட்டிவிடுங்கள். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, தொழிற்படிப்பு படித்தால், படிப்புக் காலத்துக்கும் அந்த ஒரு வருஷ அவகாசத்துக்குமான வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் இருக்கிறது. கல்லூரி தகுதியுள்ளதா என்று கேட்டுக்கொண்டு, வருமானச் சான்றைக் கிளையில் கொடுங்கள். கொடுக்காமலே இழந்தவர்கள் ஏராளம்.

அதே நபர்: நீங்கள் பேங்க் ஆள், அப்படித்தான் சொல்வீர்கள்.

பதில்: பேங்குக்காகப் பேசவில்லை தம்பி. தவணை தவறினால், யார் கடனை ஒழுங்காகக் கட்டுகிறார்கள் என்று பதிந்துவைக்கும் சிபிலில் உங்கள் பெயரோடு இணைக்கடன்தாரரான அப்பாவின் பெயரும் கெடும். வங்கி வேலைக்கான அறிவிப்புகளிலேயே கடன் வரலாறு பார்க்கிறார்கள்.

இன்னொருவர்: வேலையே கிடைக்காதவன் எங்கே போய்க் கட்டுவான்?

பதில்: நியாயமான கேள்வி. ஐ.பி.ஏ. என்கிற இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்திலேயே வேலையில்லாத காலத்துக்குத் தவணையைத் தள்ளிவைக்க இடம் உண்டு. போன் வந்தால் எடுக்காமல் ஒளியாதீர்கள். வேலையில்லை என்று கடிதம் கொடுத்து, அதன் நகலிலும் முத்திரை வாங்குங்கள்.

கேள்வி: ஏஜென்ட் ஒருவர் 5,000 ரூபாய் கேட்கிறார், கடன் வாங்கித் தருவாராம்.

பதில்: கொடுக்காதீர்கள்.

கேள்வி: சார், மேனேஜர் லீவாம், அடுத்த மாதம் வரச் சொன்னார்கள்.

பதில்: நாளைக்கே போய் விண்ணப்பத்தைக் கொடுங்கள். மேனேஜர் இல்லாவிட்டாலும் கிளையில் தபால் வாங்குவார்கள். முத்திரை இல்லாமல் வெளியே வராதீர்கள்.