கண்ணாடி இருந்த இடத்தில் திரை

கேள்வி: அமெரிக்க மருந்துக்கடை ஒன்றில் குளிர்பானப் பெட்டியின் கண்ணாடிக் கதவுகளை எடுத்துவிட்டு, உள்ளே இருப்பதைப் படமாகக் காட்டும் மின்திரைக் கதவுகளைப் பொருத்தினார்களாமே? கண்ணாடி வழியே தெரிவதைத் திரையில் காட்டுவானேன்?
– வாசகர், மதுரை

பதில்: வாங்க வருகிறவருக்கு அது தேவையில்லைதான், அவருக்காக அது பொருத்தப்படவும் இல்லை. அமெரிக்க மருந்துக்கடைத் தொடரான வால்கிரீன்ஸ் நிறுவனம், இந்தத் திரைகளைத் தரும் சிகாகோவைச் சேர்ந்த கூலர் ஸ்கிரீன்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து 2018இல் இதைச் சோதிக்கத் தொடங்கியது. ஆள் நெருங்கும்வரை கதவில் விளம்பரம் ஓடும். அருகில் வந்ததும் உள்ளே அடுக்கியுள்ள பானங்களின் படமும் விலையும் தோன்றும். பான நிறுவனங்கள் தரும் விளம்பரப் பணத்தில் கடைக்கும் ஒரு பங்கு என்பதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி. சரக்கைக் காட்டிக்கொண்டிருந்த கதவே விலைபேசப்படும் சரக்காகிவிட்டது.

ஆனால், உள்ளே என்ன இருக்கிறது என்பது திரைக்குத் தானாகத் தெரியாது. அதற்குக் கேமரா வேண்டும், மென்பொருள் வேண்டும், அறுபடாத இணைய இணைப்பு வேண்டும். இவற்றில் ஒன்று பிசகினாலும், தீர்ந்துபோன பானம் படத்தில் பளபளத்துக்கொண்டிருக்கும். சுமார் 700 கடைகளில் 10,000 திரைகள்வரை பொருத்திய பிறகு, அவை சரியாக வேலை செய்யவில்லை என்று வால்கிரீன்ஸ் ஒப்பந்தத்திலிருந்து விலக முற்பட்டது. ஒப்பந்தத்தை மீறியது வால்கிரீன்ஸ்தான் என்று கூறி, 20 கோடி டாலர் இழப்பீடு கேட்டு 2023 ஜூனில் கூலர் ஸ்கிரீன்ஸ் வழக்குத் தொடுத்தது. அதே ஆண்டு டிசம்பரில், சிகாகோ வட்டாரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கடைகளின் திரைகளுக்குச் செல்லும் தரவை அந்நிறுவனம் நிறுத்திவிட, உள்ளே இருப்பது சோடாவா, ஐஸ்கிரீமா என்பதைக் கதவைத் திறந்தால்தான் அறியலாம் என்ற நிலை வந்தது. திறக்கும் முன்பே பார்த்துத் தேர்ந்தெடுத்தால் குளிர் வீணாகாது என்பது கண்ணாடிக் கதவின் தனிச் சிறப்பாக இருந்தது!

கேள்வி: காசு போட்டால் பானம் தரும் இயந்திரங்களிலும் இப்போது பெரிய திரைகள் வந்துவிட்டனவே, அவையும் இப்படித்தானா?
– வாசகர், திருச்சி

பதில்: பழைய பான இயந்திரத்தில் ஒவ்வொரு அடுக்கின் அடியிலும் ஒரு சிறிய நெம்புச் சுவிட்சு இருக்கும். கடைசி டின்னும் இறங்கியவுடன் அதன் மீதிருந்த பாரம் நீங்கி, பொத்தானருகே ‘தீர்ந்துவிட்டது’ என்னும் விளக்கு எரியும். அவ்வளவுதான் அதன் அறிவு. ஆனால் வாங்குபவர் அறிய வேண்டியதும் அவ்வளவுதான்.

புதியவற்றின் அறிவு எதுவரை போகும் என்பதற்கு, 2024 பிப்ரவரியில் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் வெளிப்பட்ட செய்தியே போதும். அங்கிருந்த மிட்டாய் இயந்திரம் ஒன்றின் திரை பழுதாகி, முக அடையாள மென்பொருள் ஒன்று இயங்கவில்லை என்ற பிழைச்செய்தியைக் காட்டியது. மிட்டாய் வாங்க முகம் எதற்கு என்று மாணவர்கள் கொதித்தார்கள். எதிரே ஆள் நிற்பதை அறிந்து திரையை இயக்கத்தான் அது, படம் எதுவும் சேமிக்கப்படுவதில்லை என்று இயந்திரம் தந்தவர்கள் விளக்கினார்கள்; பல்கலைக்கழகம் அந்த வகை இயந்திரங்களை அகற்றச் சொன்னது. ஆள் வந்ததை அறிய ஒரு பொத்தான் போதாதா என்ற கேள்விக்கு அந்த விளக்கத்தில் பதில் இல்லை.

கேள்வி: அப்படியானால் கடையில் மின்திரையே கூடாதா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: அப்படிச் சொல்ல மாட்டேன். ஐரோப்பியப் பேரங்காடிகளின் அலமாரி விளிம்பில் உள்ள, தாளில் அச்சிட்டதுபோல் எழுத்தைக் காட்டும் மின்தாள் விலைச்சீட்டுகளைப் பாருங்கள். எழுத்து மாறும்போது மட்டுமே அவற்றின் திரைக்கு மின்சாரம் வேண்டும். இணைப்பு அறுந்தாலும் கடைசியாக எழுதிய விலை அப்படியே நிற்கும். விலையைச் சொல்வதைத் தவிர வேறு வேலையை அவற்றின் தலையில் இதுவரை பெரிதாக யாரும் ஏற்றவில்லை.