‘ஒண்ணும் ஆகாது தங்கம்’

வணக்கம். என் மகளுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். போன தீபாவளிக்குப் பிறகு கை கழுவுவது அதிகமானது. இப்போது விரலிடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் கசிகிறது, தேங்காயெண்ணெய் தடவினால் அதையும் கழுவிவிடுகிறாள். இரவு படுக்கும்போது “அம்மா, நான் எதையும் தப்பா தொடலையே, உனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?” என்று கேட்பாள். “ஒண்ணும் ஆகாது தங்கம்” என்று நான் சொல்ல வேண்டும். ‘தங்கம்’ விட்டுப்போனால் மறுபடி முதலிலிருந்து. சில நாள் தூங்கப் பதினொரு மணியாகிறது. போன வாரம் அவள் அப்பா டேங்க் வால்வை மூடிவிட்டார், பிள்ளை கத்திக் கத்தி வாந்தி எடுத்துவிட்டாள். செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய் என்கிறார் மாமியார். குழந்தை மருத்துவர் இது ஓசிடி, வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து ஒரே செயலைச் செய்யவைக்கும் நோய் என்று சொல்லி மனநல மருத்துவரிடம் போகச் சொன்னார். “பொம்பளப் பிள்ளை, நாளைக்கு நாலு பேர் என்ன சொல்வாங்க” என்று கணவர் மறுக்கிறார். அவள் கேட்கும்போது நான் பதில் சொல்வதா, வேண்டாமா?

ச., ஈரோடு

அன்புள்ள ச.,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், மற்றதெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டுதான் வரும். பதில் சொல்வதை நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் இன்று இரவே, ஒரேயடியாக, அவளிடம் சொல்லாமல் நிறுத்த வேண்டாம்.

அவளுக்குள் நடப்பது இதுதான். ‘அம்மாவுக்கு ஏதோ ஆகிவிடும்’ என்று ஒரு எண்ணம் கூப்பிடாமலே வருகிறது, நெஞ்சு படபடக்கிறது. கை கழுவினால் கொஞ்சம் அடங்குகிறது. கழுவியதால்தான் அம்மா தப்பித்தாள் என்று மூளை எழுதி வைத்துக்கொள்கிறது, அடுத்த முறை இன்னும் பலமாகக் கேட்கிறது. அந்தக் கணக்கில் சோப்பும் உங்கள் ‘தங்க’மும் ஒன்றுதான். இரண்டுமே சிரங்கைச் சொறிகிற மாதிரி, அந்த நிமிஷம் சுகம், அப்புறம் புண். இதைப் படித்துவிட்டு நான்தான் வளர்த்துவிட்டேனோ என்று உடைந்துபோகாதீர்கள். ஓசிடி செல்லத்தால் வருவதில்லை, வளர்ப்பால் வருவதில்லை, பிடிவாதமும் இல்லை. பரம்பரைக்கு அதில் பங்கு உண்டு, மூளை வேலை செய்யும் விதத்துக்கும் உண்டு. அழுகிற பிள்ளைக்கு ஆறுதல் சொல்லாத தாய் யார்? இந்த நோய் உள்ள வீடுகளில் ஏறக்குறைய எல்லாரும் இதைத்தான் செய்கிறார்கள். நோய் அந்தப் பாசத்தைத்தான் பிடித்துத் தொங்குகிறது.

உங்கள் கணவர் வால்வை மூடியதைப் பற்றிச் சொல்ல வேண்டும். கை கழுவுவது மாதிரியான சடங்கைச் செய்யவிடாமல் தடுப்பது ஓசிடி சிகிச்சையில் ஒரு பகுதி என்பது உண்மைதான். 1966ல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் அதைப் பற்றி எழுதிய பிறகுதான், இது மாறவே மாறாத நோய் என்ற எண்ணம் கலையத் தொடங்கியது. ஆனால் அது மருத்துவமனையில், பெரியவர்களுக்கு, பக்கத்திலேயே செவிலியர் இருந்து பார்த்துக்கொண்டு செய்தது. ஏழு வயதுப் பிள்ளைக்கு முன்னறிவிப்பே இல்லாமல் தண்ணீரை நிறுத்தினால் அவள் கற்பது ஒன்றே ஒன்று, அப்பாவும் எனக்கு எதிரி. அவரைத் திட்டுவதற்காகச் சொல்லவில்லை, பாவம், அவரும் பயந்துதான் போயிருக்கிறார். ஆனால் இன்னொரு முறை அது நடக்கவே கூடாது.

என் அக்கா மகனுக்கு இதே வயதில் எழுத்தில் பிடித்தது. ‘ழ’வின் வால் சரியாக வரவில்லை என்று அழிப்பான், எழுதுவான், மறுபடி அழிப்பான், தாள் ஓட்டையாகும் வரை. வீட்டுப்பாடம் முடியப் பத்து மணியாகும், கடைசியில் அக்காவே எழுதிக் கொடுத்துவிடுவாள். உளவியலாளர் அவனிடம் ஒரே ஒரு ‘ழ’வை வேண்டுமென்றே கோணலாக எழுதச் சொன்னார், எழுதி நோட்டை மூடி மேலே கையை வைத்துக்கொண்டு உட்காரச் சொன்னார். நான் அன்றைக்குக் கூடப் போயிருந்தேன். முகம் சிவந்துவிட்டது, கால் ஆடிக்கொண்டே இருந்தது, நோட்டையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தான், கெஞ்சினான். யாரும் திறக்கவில்லை, யாரும் திட்டவும் இல்லை. பத்துப் பதினைந்து நிமிஷம் போயிருக்கும், “பசிக்குதும்மா” என்றான். அவ்வளவுதான் சிகிச்சை. அதையே நாள் தவறாமல் சின்னச் சின்னப் படியாக மாதக்கணக்கில் செய்தார்கள். இப்போது கல்லூரியில் படிக்கிறான், பரீட்சை சமயத்தில் எப்போதாவது தலைகாட்டும், அதை எப்படிச் சமாளிப்பது என்று அவனுக்கே தெரியும்.

சரி, உங்கள் வீட்டில் எப்படித் தொடங்குவது? இரவில் அழுகைக்கு நடுவில் வேண்டாம், பகலில் அவள் சிரித்துக்கொண்டிருக்கும்போது பேசுங்கள். அந்தக் கேள்வி அவளுடையது இல்லை, அவளைத் தொந்தரவு செய்கிற ஒன்றினுடையது என்று சொல்லுங்கள். அதற்கு அவளே ஒரு பேர் வைக்கட்டும், என் அக்கா மகன் ‘தொணதொணப்பான்’ என்று வைத்தான். முதல் படியாக, பதில் சொல்லிவிட்டு ‘தங்கம்’ என்பதை மட்டும் விட்டுவிடலாமா என்று கேளுங்கள். எந்தப் படி அவளால் முடியும் என்று அவளும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். அது பழகிய பிறகு ஒரு முறைதான் பதில். அதற்கும் பிறகு, “இது தொணதொணப்பான் கேட்கிறது, நான் அவனுக்குப் பதில் சொல்ல மாட்டேன், உன் கூடவே படுத்திருக்கேன்” என்பது. ஆரம்பத்தில் அழுகை கூடும். அப்போது மனசு இளகி பழைய பதிலைச் சொல்லிவிட்டால், இன்னும் அழுதால் கிடைக்கும் என்றுதான் அது கற்றுக்கொள்ளும், அதனால் உங்களால் கடைசிவரை நிற்க முடிகிற சின்னப் படியையே எடுங்கள். தாங்கிக்கொண்டதற்காகக் கட்டிப்பிடித்துப் பாராட்டுங்கள். மாமியாரிடமும் ‘அதைத் தொடாதே, கையைக் கழுவு’ என்பதைக் கொஞ்ச காலம் விட்டுவைக்கச் சொல்லுங்கள். வகுப்பு ஆசிரியரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது.

ஆனால் இதையெல்லாம் மருத்துவருக்குப் பதிலாகச் செய்ய வேண்டாம். அமெரிக்காவில் 2014ல் வெளிவந்த ஓர் ஆய்வில், 5 முதல் 8 வயது வரையிலான 127 குழந்தைகளைப் பெற்றோரோடு சேர்த்து 14 வாரம் பார்த்தார்கள். பயத்தை எதிர்கொள்ளும் இந்தப் பயிற்சி பெற்றவர்களில் 72 சதவீதம் பேர் நன்றாகத் தேறினார்கள், உடலைத் தளர்த்தும் பயிற்சி மட்டும் பெற்றவர்களில் 41 சதவீதம். உங்கள் மகள் வயதுதான் அவர்களுக்கு. பயத்தை எதிர்கொண்டு, சடங்கைச் செய்யாமல் தாங்கிக்கொள்ளும் இந்தப் பயிற்சிக்கு ஈஆர்பி என்று பேர். அதனால் போகிற இடத்தில் வெட்கப்படாமல் கேளுங்கள், “ஈஆர்பி பயிற்சி தருவீர்களா, எங்களையும் சேர்த்துக்கொள்வீர்களா?” என்று. மூச்சை இழுத்துவிடச் சொல்லி நாலு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள். மாத்திரை எல்லாக் குழந்தைக்கும் தேவைப்படாது. தேவை என்று மருத்துவர் சொன்னால், ‘பழகிவிடும்’ என்று பக்கத்து வீட்டார் சொல்வதைக் கேட்டு மறுக்காதீர்கள். இந்த நோய்க்குத் தரும் செர்ட்ராலின் போன்றவை போதை மருந்துகள் இல்லை, அவற்றை நீங்களாக நிறுத்தவும் கூடாது. இன்னொன்று, இது மெல்ல வளராமல் தொண்டை வலி, காய்ச்சலுக்குப் பிறகு ஓரிரு நாளில் திடீரென்று வந்திருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள், அப்போது அவர்கள் வேறு சில சோதனைகளும் செய்து பார்க்கக்கூடும்.

‘நாலு பேர்’ விஷயத்துக்கு வருகிறேன். அந்த நாலு பேர் இரவு பதினொரு மணிக்கு உங்கள் வீட்டுக் குழாயடியில் நிற்கப்போவதில்லை. எனக்கு இதில் கோபமே வருகிறது, ஏழு வயதுப் பிள்ளையின் கை வெடித்துக் கிடக்கும்போது இன்னும் நடக்காத கல்யாணத்தைப் பற்றி யோசிப்பது அவளுக்குச் செய்கிற அநியாயம். சிகிச்சை இல்லாமல் வளர்ந்தால்தான் எல்லாருக்கும் தெரியும்படி ஆகும் என்று கணவரிடம் சொல்லிப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் 14416க்குப் பேசச் சொல்லுங்கள், டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், அரசு நடத்துவது, இலவசம், எந்நேரமும் தமிழில் பேசலாம், யாருக்கும் தெரியவும் தெரியாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. பெங்களூரில் உள்ள தேசிய மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸில் ஓசிடிக்கென்றே தனிக் கிளினிக் உண்டு, ஈரோட்டிலிருந்து ரயிலில் போய்வரலாம்.

போவதற்கு முன் ஒரு வாரம் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள், எப்போது கழுவினாள், எவ்வளவு நேரம், என்ன கேட்டாள், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று. அவளுக்குத் தெரியாமல் எழுதுங்கள், இல்லாவிட்டால் அதையும் சரிபார்க்கச் சொல்லிக் கேட்க ஆரம்பித்துவிடுவாள். அந்த நோட்டை முதல் நாளே மருத்துவரிடம் கொடுத்துவிடுங்கள், பிள்ளை முன்னால் எல்லாவற்றையும் வாயால் சொல்ல வேண்டியிருக்காது.