காப்ளின் குட்டிகளை என்ன செய்வது?

கேள்வி: பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் நண்பர்கள் சேர்ந்து ஞாயிறுதோறும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு ஆடுகிறோம். ஆளுக்கொரு பாத்திரமேற்று, பகடை உருட்டி, பேசிப்பேசியே கதையை நகர்த்தும் ஆட்டம். கதையை நடத்துவது நான். பேச்செல்லாம் தமிழ்தான், நடுநடுவே மலையாளமும் வரும். போன வாரம் ஒரு குகையில் காப்ளின் என்ற சிற்றரக்கர் கூட்டத்தை வீழ்த்தினார்கள். உள்ளே காப்ளின் குட்டிகள் இருப்பதாக வைத்திருந்தேன். "விட்டால் வளர்ந்து வந்து ஊரைக் கொளுத்தும்" என்றார்கள் இரண்டு பேர். "குழந்தைகளைக் கொல்வதா?" என்றார் பாலடினாக, அதாவது புனித வீரனாக, ஆடுபவர். ஒரு மணி நேரம் நிஜமாகவே சண்டை. கடைசியில் மற்றவர்கள் கொன்றுவிட்டார்கள். தடுக்கவில்லை என்று பாலடினின் சக்தியை நான் பறித்துவிட்டேன். அவர் இனி வரமாட்டேன் என்கிறார். தர்மசங்கடமான கட்டத்தை எப்படித்தான் வைப்பது?

பதில்: முதலில் அந்தச் சக்தியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஞாயிறு வரை காத்திருக்காமல் இன்றே போன் செய்து சொல்லுங்கள்.

பாலடினின் சக்தியைப் பறிக்கும் வழக்கம் பழையது. 1978-ல் வந்த விதிப்புத்தகத்தில், பாலடின் தெரிந்தே ஒரு தீய செயலைச் செய்தால் அந்தத் தகுதியே போய்விடும் என்று இருந்தது. நீங்கள் ஆடும் ஐந்தாம் பதிப்பு 2014-ல் வந்தபோது அது மாறிவிட்டது. இப்போது பாலடினுக்கு அடிப்படை அவர் எடுத்த சபதம். தவறினால் பரிகாரம் தேடலாம். வேண்டுமென்றே மீறி, அதற்காக வருந்தவும் இல்லை என்றால்தான் பெரிய விளைவு. உங்கள் நண்பர் கொல்லவே இல்லை. கொல்லாதீர்கள் என்று ஒரு மணி நேரம் வாதாடியிருக்கிறார். சபதத்தைக் காப்பாற்ற அவரால் முடிந்ததைச் செய்த ஆளைத் தண்டித்துவிட்டு, அடுத்த முறை நியாயம் பேச யாரைக் கூப்பிடுவீர்கள்?

சரி, அது ஏன் சண்டையாக முடிந்தது? என் பார்வையில் காரணம் ஒன்றுதான்: அந்த முடிவுக்கான விலையை முடிவெடுத்தவர்கள் கொடுக்கவில்லை. குட்டிகளைக் கொன்றாலும் விட்டாலும் உங்கள் ஆட்களிடமிருந்து எதுவும் போகப்போவதில்லை. கையில் இழக்க ஒன்றுமில்லாதபோது மிச்சம் இருப்பது 'யார் நல்லவன்' என்ற பட்டிமன்றம்தான். அது கேரக்டரை விட்டு ஆளின் மேல் பாய்ந்துவிடும்.

மனுநீதிச் சோழன் கதையைப் பாருங்கள். கன்று செத்தது, தேரோட்டியவன் மகன், நீதி கேட்டு மணியடித்தது பசு. தேர்க்காலில் கிடப்பவன் ஊர்பேர் தெரியாத ஒருவனாக இருந்தால் அந்தக் கதையை யார் இத்தனை நூற்றாண்டு நினைவில் வைத்திருப்பார்கள்? தீர்ப்பு சொல்பவன் வீட்டிலேயே விலை விழுகிறது. அதனால்தான் திருவாரூரில் தேரும் கன்றும் இன்னும் கல்லில் நிற்கின்றன.

ஆகவே அடுத்த முறை நீங்கள் யோசிக்க வேண்டியது, 'எது சரி' என்று வீரர்களைத் திணறவைப்பது எப்படி என்பதை அல்ல. அவர்களுக்கு ஏற்கெனவே பிடித்துப்போன இரண்டு விஷயங்கள் எவை, அவற்றில் ஒன்றை விட வேண்டிய நிலை எப்படி வரும் என்பதைத்தான். 'ஏற்கெனவே' என்பது முக்கியம். அதற்குக் குறைந்தது இரண்டு மூன்று செஷன் பொறுமை வேண்டும்.

உங்கள் ஊரிலேயே இதற்கு நல்ல விதை கிடக்கிறது. 1970-ல் தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் இடையே கையெழுத்தான பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி, மணக்கடவு வழியாக உங்கள் பக்கத்துச் சித்தூர்ப் புழை ஆற்றுக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் வர வேண்டும். மழை பொய்த்த வருடம் மேலே பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னையும் வாடும், கீழே சித்தூர் வயலும் வாடும். இரண்டு பக்கமும் சொந்தபந்தம் உள்ளவர்கள் உங்கள் மேஜையிலேயே இருப்பார்கள். இதை அப்படியே எடுக்காமல் கற்பனை உலகத்துக்குக் கொண்டுபோங்கள். மலைமேல் ஒரு பழைய மதகு. இரண்டு குறுநிலத் தலைவர்கள் செய்துகொண்ட உடன்படிக்கை அதன் கல்லிலேயே வெட்டியிருக்கிறது. முதல் செஷனில் மேலூர்க் கொல்லர் காசு வாங்காமல் வாளைச் செப்பனிட்டுத் தரட்டும். இரண்டாவதில் கீழூர்ப் பாட்டி ஒருத்தி அடிபட்டவர்களைத் தன் வீட்டில் கிடத்திக் கஞ்சி ஊற்றட்டும். அப்புறம் மழை பொய்க்கட்டும். மதகின் சாவி வீரர்கள் கையில் வரட்டும். கீழே நெல் கதிர் வாங்கும் நேரம். மேலே கிணறுகள் வற்றிவிட்டன. உடன்படிக்கைப்படி திறந்தே ஆக வேண்டும். கொல்லர் வந்து முன்னால் நிற்கிறார்.

இங்கே பாலடினின் சபதத்துக்கும் உயிர் வரும். கொடுத்த வாக்கைக் காப்பதா, கண்முன் தவிப்பவரைக் காப்பதா என்று அவருக்குள்ளேயே இழுக்கும். நீங்கள் தண்டிக்க வேண்டிய அவசியமே வராது.

மதகைப் பாதி திறக்கலாமா, மலைக்குள் இருக்கும் பூதத்திடம் ஊற்று கேட்கலாமா என்று வீரர்கள் மூன்றாவது வழி தேடுவார்கள். தேட விடுங்கள். 1967-ல் ஃபிலிப்பா ஃபுட் என்ற தத்துவவாதி எழுதிய டிராம் புதிர் பிரபலமானது: ஒரு தடத்தில் ஐந்து பேர், மறு தடத்தில் ஒருவர், ஓட்டுநர் எந்தப் பக்கம் திருப்புவது? அது ஏட்டில் நிற்கும், ஏனென்றால் அங்கே வேறு கதவே கிடையாது. ஆட்டத்தில் கதவைத் தேடுவதுதான் இன்பம். எல்லாவற்றையும் அடைத்துவைத்தால் பொறியில் மாட்டியதாகத்தான் நினைப்பார்கள். மூன்றாவது வழிக்கும் ஒரு விலை இருக்கட்டும், அவ்வளவுதான். பூதம் சும்மா ஊற்று தராது.

காப்ளின் குட்டிகளில் இன்னொரு கோளாறும் இருந்தது. உங்கள் உலகத்தில் காப்ளின் பிறவியிலேயே தீயதா, வளர்ப்பால் அப்படி ஆகிறதா? இதற்கு விடை தெரியாமல் அவர்கள் எடுத்தது வெறும் ஊகம். 2014-ல் வந்த இந்த ஆட்டத்தின் அரக்கர் கையேடே (மான்ஸ்டர் மேனுவல்), அதில் போட்டிருக்கும் குணம் பொதுவான நிலைதான், விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம் என்கிறது. முடிவு உங்களுடையது. ஆனால் அது வீரர்களுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும், அல்லது விசாரித்தால் தெரியவர வேண்டும். நானாக இருந்தால் எந்த எதிரிக்கும் ஓர் ஊரும் ஒரு கதையும் வைப்பேன். சித்தூர் பகவதி கோயிலில் கொங்கன் படை விழா நடக்கிறதே, படையெடுத்து வந்த கொங்கு அரசனைப் பகவதி வென்ற கதை. அந்தக் கதையில் எதிரிப்படை கொங்குப் படை. எல்லையில் வாழும் தமிழர்களான உங்களுக்கு, ஒரு பக்கத்து எதிரி மறுபக்கத்தில் யார் வீட்டுப் பிள்ளை என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பழக்கத்தை ஆட்டத்துக்குள் கொண்டுவாருங்கள்.

குழந்தைகள் சாவது போன்ற விஷயத்தை மேஜையில் வைக்கும்முன் எல்லோரிடமும் கேட்டுவிடுங்கள். 'இது வேண்டாம்' என்று யாராவது சொன்னால் காரணம் கேட்காமல் விட்டுவிட வேண்டும். ஜான் ஸ்டாவ்ரோபுலோஸ் வடிவமைத்த எக்ஸ் கார்டு இதற்கு எளிய வழி: எக்ஸ் எழுதிய ஒரு சீட்டு மேஜை நடுவில் இருக்கும், யார் தொட்டாலும் அந்தக் காட்சியை விட்டு நகர்ந்துவிட வேண்டும். தண்ணீர்க் கதைக்கும் கேளுங்கள். பயிர் கருகிய வீட்டுப் பிள்ளைக்கு அது விளையாட்டாக இருக்காது.

வாதம் நீண்டால் இருபது நிமிடத்தில் நிறுத்தி, ஒவ்வொருவரிடமும் "உன் கேரக்டர் இப்போது என்ன செய்கிறது?" என்று மட்டும் கேளுங்கள். பேச்சு தானாகக் கதைக்குள் திரும்பிவிடும்.

அவர்கள் எதைத் தேர்ந்தாலும், அது சரி என்றோ தவறு என்றோ நீங்கள் சொல்லக் கூடாது. பகடை வழியாகவும் சொல்லக் கூடாது. விளைவை மட்டும் காட்டுங்கள், இரண்டு பக்கத்தையும் காட்டுங்கள். மதகைத் திறந்தார்களா? அடுத்த செஷனில் கீழூர்ப் பாட்டி புதுநெல் அவலோடு வருகிறாள். கொல்லரின் பட்டறை பூட்டிக்கிடக்கிறது, வாள் உடைந்தால் இனி வேறு ஊருக்குத்தான் போக வேண்டும். திறக்கவில்லையா? பட்டறையில் நெருப்பு எரிகிறது, பாட்டி வீட்டு வாசலில் யாரும் இல்லை. இதை அடுத்த செஷனின் முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லிவிட்டு, அப்புறம் ஆட்டத்தைத் தொடங்குங்கள்.